பருவம் திரும்பாத பன்றிகள்: சாயல்குடிக் கடலோரப் பண்ணை ஒன்றில் கண்ட பொய்ச்சினை

பின்னணி

இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், சாயல்குடி வட்டாரத்தில், மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி அமைந்த ஒரு சிறு வெண்பன்றிப் பண்ணையில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். பண்ணையாளர், அவருடைய மனைவி, ஒரு பணியாளர் ஆகிய மூவரே அதை நடத்துகிறார்கள். பெரிய வெள்ளை யார்க்‌ஷயர் கலப்பினத்தைச் சேர்ந்த தாய்ப்பன்றிகளும் இன்னும் ஈனாத கிடேரிகளுமாக 12 இனப்பெருக்கப் பன்றிகள், ஒரு பொலிப்பன்றி, விற்பனைக்காக வளரும் குட்டிகள் என்பதே பண்ணையின் அளவு. பனை ஓலைக் கூரை, சிமென்ட் தரை, கூட்டுக் குடிநீர்க் குழாயிலிருந்து பிடித்து நிரப்பும் தொட்டி என எளிய அமைப்பு. கிணற்று நீர் உவர்ப்பாக இருப்பதால் அதைக் கழுவுவதற்கு மட்டுமே பயன்படுத்துகிறார்கள்.

ஓட்டல் கழிவு, மீன் இறங்குதளக் கழிவு, அரிசித் தவிடு, கடலைப் பிண்ணாக்கு ஆகியவற்றை வேகவைத்துக் கொடுப்பதே பல ஆண்டு வழக்கம். ஓட்டல் கழிவு போதிய அளவு கிடைக்காமல் போனதால், தை மாத நடுவில், அதாவது ஜனவரி முடியும் தறுவாயில், உள்மாவட்டத்திலிருந்து ஒரு லோடு மக்காச்சோளம் வாங்கினார்கள். அறுவடை நேரத்துப் பருவம் தவறிய மழையில் நனைந்த சோளம் என்பதால் விலை குறைவாகக் கிடைத்தது. அன்று முதல் தீவனத்தில் ஏறத்தாழ பாதி அந்தச் சோளமாகவே இருந்தது.

இந்தப் பண்ணையின் பெருஞ்சிறப்பு, சுவரில் தொங்கும் நாள்காட்டி. எந்தப் பன்றி எந்த நாளில் இணை சேர்ந்தது, எப்போது ஈன்றது, எந்த நாளில் எந்தத் தீவனம் வந்து இறங்கியது என்பதையெல்லாம் பண்ணையாளரின் மனைவி பென்சிலால் குறித்து வைப்பார். இந்த நிகழ்வில் காரணத்தை எட்ட முடிந்தது பெரும்பாலும் அந்தக் குறிப்புகளால்தான்.

கவனிக்கப்பட்டவை

ஜனவரி முதல் பத்து நாள்களில் ஐந்து பன்றிகள் இணை சேர்க்கப்பட்டன. அவற்றில் ஒன்று மட்டும் 21ஆம் நாள் மீண்டும் பருவத்துக்கு வர, ஜனவரி இறுதியில் மறுபடி சேர்க்கப்பட்டது. மற்ற ஏழும் பிப்ரவரியில் சேர்க்கப்பட்டன. பிப்ரவரியில் சேர்த்த ஏழில் ஒன்றுகூட மூன்று வாரத்தில் பருவம் திரும்பவில்லை. வழக்கமாக ஏழெட்டுப் பன்றிகளில் ஒன்றோ இரண்டோ திரும்பும் பண்ணையில் இது எல்லாம் சினை பிடித்துவிட்ட நற்செய்தியாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

மார்ச் தொடக்கத்தில் வேறொரு மாற்றம் தெரிந்தது. நான்கு மாதம்கூட நிறையாத பெண் குட்டிகளின் பிறப்புறுப்பு சிவந்து தடித்திருந்தது. சிலவற்றுக்கு மடிக்காம்புகளும் பெருத்திருந்தன. நல்ல தீவனத்தால் முன்கூட்டியே பருவம் வந்துவிட்டதாகப் பண்ணையாளர் கருதினார். ஏப்ரல் நடுவில்தான் அவருடைய மனைவி ஐயப்பட்டார். ஜனவரியில் சேர்த்த பன்றிகளின் வயிறு இறங்கி மடி கட்டத் தொடங்கியிருக்க, பிப்ரவரிப் பன்றிகளில் இரண்டு மாதம் கடந்தவற்றிலும் சினைக்குரிய எந்த வளர்ச்சியும் இல்லை. “சினையும் பிடிக்கல, பருவத்துக்கும் வரல, அப்ப உள்ள என்னதான் சார் நடக்குது?” என்று அவர் கேட்ட கேள்வி, இந்த நிகழ்வின் மையத்தையே தொட்டது. அப்போதுதான் கால்நடை மருத்துவர் என்ற முறையில் நான் அழைக்கப்பட்டேன்.

கையடக்க ஸ்கேன் கருவியால் வயிற்றின் பக்கவாட்டிலிருந்து 12 பன்றிகளையும் பார்த்ததில் ஐந்து சினையாகவும் ஏழு வெறுமையாகவும் இருந்தன. ஜனவரித் தொடக்கத்தில் சேர்த்துப் பருவம் திரும்பாத நான்கும் சினை. ஜனவரி இறுதிக்குப் பின் சேர்த்த எட்டில் ஒன்று மட்டுமே சினை.

சினைப்பையின் கணக்கு

பன்றி பருவத்துக்கு வராமல் இருப்பதைச் சினைக்கு அடையாளமாகக் கொள்வது பரவலான வழக்கம். ஆனால் பருவம் திரும்பாமை என்பது முட்டைகளை உருவாக்கும் உறுப்பான சினைப்பையின் நிலையைத்தான் காட்டுகிறது. கருப்பைக்குள் கரு இருக்கிறதா என்பதை அது நேரடியாகச் சொல்வதில்லை. இந்த இரண்டும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன என்பதைச் சற்று விரிவாகப் பார்த்தால்தான் பின்னால் எடுத்த முடிவுகள் விளங்கும்.

ஒரு பருவத்தில் பன்றியின் இரு சினைப்பைகளிலும் சேர்த்துப் பதினைந்து முதல் இருபது, சில வேளைகளில் அதற்கும் மேலான முட்டைகள் வெளிப்படுகின்றன. முட்டை வெளியேறிய ஒவ்வொரு நுண்பையும் கார்பஸ் லூட்டியம் என்ற திசுத்திரளாக மாறுவதால், ஒரு வாரத்தில் சினைப்பை திராட்சைக் குலை போலத் தோற்றம் கொள்கிறது. இந்தத் திரள்கள் சுரக்கும், சினையைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன், பருவ நாளில் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 1 நானோகிராமுக்கும் குறைவாக இருப்பது, 12 முதல் 14ஆம் நாளுக்குள் 20 நானோகிராமைத் தாண்டி உயர்கிறது. கருத்தரிக்காத பன்றியில் 15, 16ஆம் நாள்களில் கருப்பையின் உட்சுவர் புராஸ்டாகிளாண்டின் எஃப்2 ஆல்ஃபா என்ற வேதிப்பொருளை இரத்தத்துக்குள் விடுகிறது, கார்பஸ் லூட்டியங்கள் சிதைகின்றன, புரோஜெஸ்டிரோன் சரிகிறது, 21ஆம் நாளை ஒட்டிப் பருவம் திரும்புகிறது.

கரு இருந்தால் இந்தச் சிதைவு தடுக்கப்பட வேண்டும். 10ஆம் நாள் சிறு உருண்டையாக இருக்கும் பன்றிக் கரு, 11, 12ஆம் நாள்களில் மிக வேகமாக நீண்டு நூலிழை வடிவம் கொள்கிறது. அதே வேளையில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோனைச் சுரக்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜனே தாய்க்குப் போகும் அறிவிப்பு. அது கிடைத்ததும், புராஸ்டாகிளாண்டின் இரத்தத்துக்குள் போகாமல் கருப்பையின் உள்வெளிக்குள் திருப்பி விடப்படுகிறது என்று 1977இல் ஃபுல்லர் பேசரும் வில்லியம் தாட்சரும் விளக்கினார்கள். 15ஆம் நாளுக்குப் பிறகு ஈஸ்ட்ரோஜன் இரண்டாம் முறை உயர்ந்து, ஒரு மாதம் வரை நீடித்து அந்த அறிவிப்பை உறுதி செய்கிறது. கருக்கள் கருப்பையின் இரு கொம்புகளிலும் பரவி, மொத்தம் நான்காவது இருந்தால்தான் சினை நிலைபெறும் என்பதும் 1960களிலேயே அறியப்பட்டது. கொம்பின் பெரும்பகுதி வெறுமையாக இருந்தால் அங்கிருந்து போகும் புராஸ்டாகிளாண்டின் சினையைக் கலைத்துவிடும்.

நம் பகுதியில் ஆடு வளர்ப்போர் பலர் என்பதால் ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். செம்மறி ஆட்டில் ஏறத்தாழ 50 நாள் கடந்தபின் சினையைத் தாங்கும் புரோஜெஸ்டிரோனை நஞ்சுக்கொடியே சுரந்துகொள்கிறது. பன்றியில் அப்படி இல்லை. ஈனும் நாள் வரை, 114 நாளும், கார்பஸ் லூட்டியங்களே சினையைக் காக்கின்றன, வெள்ளாட்டிலும் அவ்வாறே. ஆகவே எந்தக் கட்டத்தில் அவை சிதைந்தாலும் பன்றியின் சினை கலையும்.

இதிலிருந்து ஒரு நுட்பமான விளைவு பிறக்கிறது. 11 முதல் 15 நாள்களுக்குள் வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜன் வந்து சேர்ந்தால், கருவே இல்லாத பன்றியிலும் கார்பஸ் லூட்டியங்கள் சிதையாமல் பல வாரம் நிலைக்கும். இதுவே பொய்ச்சினை. அதே ஈஸ்ட்ரோஜன் இரண்டு நாள் முன்னதாக, 9, 10ஆம் நாள்களிலேயே வந்தால், கருப்பை தன் கால வரிசையை மீறி முந்திக்கொள்ள, நீண்டு வளரும் கருக்கள் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் அழிகின்றன. இரண்டும் ஒரே பன்றியில் நிகழும்போது கரு அழிந்துவிடும், சினைப்பையோ சினையாக இருப்பது போலவே இயங்கும்.

காரணத்தைத் தேடிய வழி

முதலில் பொலிப்பன்றியைக் குறித்த ஐயத்தை விலக்கினோம். அதன் விந்தில் குறை இருந்திருந்தால் கரு உருவாகியிருக்காது, கரு உருவாகாத பன்றி 18 முதல் 24 நாளுக்குள் பருவம் திரும்பியிருக்கும். ஒன்றும் திரும்பவில்லை என்பதே பொலிப்பன்றிக்குச் சாதகமான சான்று. வெயிலும் காரணமாகப் பொருந்தவில்லை. சினையின் முதல் மாதம் வெப்பத்தால் எளிதில் பாதிக்கப்படும் காலம் என்பது உண்மை; ஆனால் இந்தப் பன்றிகளின் முதல் மாதம் பிப்ரவரி, மார்ச்சில் கழிந்தது. பெருங்கோடை அப்போது தொடங்கியிருக்கவில்லை.

தொற்றுநோய்களைத் தள்ளிவிடுவது அவ்வளவு எளிதாக இல்லை. பன்றிப் பார்வோ வைரஸ் முதல் மாதத்தில் தாக்கினால் கருக்கள் முழுவதும் உடலால் உறிஞ்சப்பட்டு, வெளியே ஓர் அடையாளமும் இல்லாமல் பன்றி வெறுமையாகிவிடும், பருவமும் தள்ளிப்போகும். ஆனால் அந்நோய் பெரும்பாலும் எதிர்ப்பாற்றல் பெறாத கிடேரிகளையே தாக்கும். இங்கே வெறுமையான ஏழில் ஐந்து, பலமுறை ஈன்ற தாய்ப்பன்றிகள். மேலும் வளரும் குட்டிகளின் பிறப்புறுப்பு வீங்குவதற்கு அந்த வைரஸில் விளக்கம் இல்லை. இரத்த மாதிரிகள் அனுப்பப்பட்டன. வந்த முடிவு எந்தப் பக்கமும் உறுதியாகச் சாயவில்லை.

சினைக்கே வராத குட்டிகளின் வீக்கத்தையும் தாய்ப்பன்றிகளின் வெறுமையையும் ஒருங்கே விளக்கக்கூடிய ஒன்று தீவனத்தில் இருக்க வேண்டும் என்பது அப்போது தெளிவாயிற்று. ஈரமான மக்காச்சோளத்தில் வளரும் ஃபியூசேரியம் பூஞ்சை சியரலெனோன் என்ற நச்சை உண்டாக்குகிறது. அது உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனைப் போலவே செயல்படும். வளர்ப்பு விலங்குகளில் அதற்கு மிக எளிதில் ஆட்படுவது பன்றி. நாள்காட்டியை விரித்து வைத்தபோது இணைப்பு விளங்கியது. சினையான நான்கு பன்றிகளும் சோளம் வந்து இறங்குவதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் முன்பே சேர்க்கப்பட்டவை. ஆகவே 9 முதல் 15ஆம் நாள் வரையிலான அந்த நெருக்கடியான வாரத்தைப் பழைய தீவனத்திலேயே கடந்துவிட்டன. பிற்பாடு சேர்க்கப்பட்ட எட்டும் அந்த வாரத்தில் சோளத்தைத் தின்றுகொண்டிருந்தவை.

மூட்டைகளின் மேல், நடு, அடிப்பகுதிகளிலிருந்து எடுத்துக் கலந்த மாதிரி தீவன ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது. கிலோவுக்கு 6 மில்லிகிராம் சியரலெனோன் இருப்பதாக அறிக்கை வந்தது. தீவனத்தில் பாதி சோளம் என்றால் பன்றி தின்றது கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவில் இருந்திருக்கும். வளர்ந்த பன்றிகளில் பருவம் நின்றுபோவதற்கும் பொய்ச்சினைக்கும் அந்த அளவே போதும். ஒப்பீட்டுக்குச் சொன்னால், தாய்ப்பன்றித் தீவனத்தில் கிலோவுக்கு 0.25 மில்லிகிராமுக்கும், குட்டிகளுக்கும் கிடேரிகளுக்கும் உரிய தீவனத்தில் 0.1 மில்லிகிராமுக்கும் மிகக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் வெளியிட்ட பரிந்துரை. தீவனத்தை நன்றாக வேகவைத்தே கொடுத்ததாகப் பண்ணையாளர் சொன்னார். அது உண்மைதான், ஆனால் கொதிநீரின் வெப்பத்தில் இந்த நச்சு அழிவதில்லை.

எடுத்த முடிவுகள்

ஆய்வக அறிக்கைக்குக் காத்திராமல் முதல் நாளே மக்காச்சோளம் நிறுத்தப்பட்டது. குருணை, தவிடு, கருவாட்டுத்தூள், தாது உப்புக் கலவை ஆகியவற்றைக் கொண்டு தீவனம் மாற்றப்பட்டது. நச்சுப் பிணைப்புத் தூளைக் கலந்து மீதிச் சோளத்தைத் தீர்த்துவிடலாமா என்ற யோசனையும் வந்தது. மற்றொரு பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சினை நன்கு பிடிக்கும் களிமண் வகைத் தூள்கள் சியரலெனோனை அவ்வளவாகப் பிடிப்பதில்லை என்பதால் அதை நான் ஏற்கவில்லை. அந்த இழப்பு அந்தக் குடும்பத்துக்குச் சிறியதன்று. ஆனாலும் அவர்கள் தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள்.

ஏழு பன்றிகளையும் மலடு என்று இறைச்சிக்கு விற்றுவிட ஒரு வியாபாரி பேசி வைத்திருந்தார். அதைத் தள்ளிப்போடச் சொன்னேன். சினைப்பை ஓய்ந்துபோன பன்றியும், சினைப்பை இயங்கிக்கொண்டே ஏமாற்றப்பட்ட பன்றியும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் பின்னதை மீட்க முடியும். இரண்டையும் பிரித்தறிய இரத்தப் புரோஜெஸ்டிரோன் போதும். புரோஜெஸ்டிரோன் மனிதருக்கும் பன்றிக்கும் ஒரே மூலக்கூறு. 1934இல் அது தூய வடிவில் பிரித்தெடுக்கப்பட்டதே பன்றிகளின் சினைப்பைகளிலிருந்துதான். எனவே இராமநாதபுரத்தில் மனிதருக்கான பரிசோதனைக்கூடம் ஒன்றிலேயே அளவைப் பார்க்க முடிந்தது. ஏழில் ஐந்துக்கு மில்லிலிட்டருக்கு 11 முதல் 24 நானோகிராம் வரை இருந்தது; இரண்டுக்கு 1 நானோகிராமுக்கும் கீழே.

ஒருமுறை பார்த்த உயர்ந்த அளவை மட்டும் நம்பிச் சிகிச்சை தொடங்கவில்லை. சுழற்சியின் நடுநாள்களில் இருக்கும் இயல்பான பன்றிக்கும் அதே அளவு வரும். ஆகவே இரண்டு வாரம் நாள்தோறும் காலையில் பொலிப்பன்றியை அருகே நடத்திப் பருவக்குறி பார்க்கப்பட்டது. முடிவில் மறுபடியும் இரத்தமும் ஸ்கேனும் எடுக்கப்பட்டன. இடையில் பருவமே காட்டாமல் இரண்டு முறையும் உயர்ந்த அளவு இருந்தால் கார்பஸ் லூட்டியம் நிலைத்துவிட்டது என்று கொள்ளலாம். ஐந்தும் அப்படியே இருந்தன.

இரண்டாம் ஸ்கேனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நிலைத்துவிட்ட கார்பஸ் லூட்டியத்தைக் கரைக்கும் மருந்து புராஸ்டாகிளாண்டின் ஊசி. பன்றியின் சினை முழுவதும் அந்தத் திசுவையே சார்ந்திருப்பதால், தவறிச் சினைப்பன்றிக்குப் போட்டால் கருக்கலைப்பு உறுதி. ஆகவே ஐந்து சினைப்பன்றிகளும் வேறு கொட்டடிக்கு மாற்றப்பட்டு, ஊசிக்கு உரியவற்றின் முதுகில் சாயக்குறி இடப்பட்டது. இந்த மருந்து தோல் வழியாகவும் உடலுக்குள் போகக்கூடியது; கருவுற்ற பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது. பணியாளரின் மனைவி அப்போது கருவுற்றிருந்ததால், அந்த நாளில் அவர் பண்ணைப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டோம்.

தொடர்ந்து நடந்தவை

ஜனவரித் தொடக்கத்தில் சேர்த்த நான்கு பன்றிகளும் ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் வழக்கமான எண்ணிக்கையில் குட்டிகளை ஈன்றன. பின்னர் சேர்த்தவற்றுள் சினையாக நின்ற அந்த ஒரே பன்றி ஜூனில் நான்கு குட்டிகளை மட்டும் ஈன்றது. அது எப்படித் தப்பியது என்பதை என்னால் உறுதியாக விளக்க முடியவில்லை; ஆனால் சினை நிலைபெறுவதற்கு வேண்டிய குறைந்த எண்ணிக்கையை ஒட்டியே அது நின்றது என்பது கவனிக்கத்தக்கது.

பெண் குட்டிகளின் வீக்கம் சோளத்தை நிறுத்திய மூன்று வாரத்துக்குள் வடிந்தது. புரோஜெஸ்டிரோன் குறைந்திருந்த இரண்டில் ஒன்று, தீவனம் மாறிய பத்தாம் நாளையொட்டித் தானாகவே பருவத்துக்கு வந்தது. மற்றொன்று வயது முதிர்ந்து மெலிந்த பன்றி, அது விற்கப்பட்டது. ஊசி போட்ட ஐந்தில் நான்கு ஒரு வாரத்துக்குள் பருவம் காட்டின. ஐந்தாவதில் பயன் தெரியாததால் அதுவும் கைவிடப்பட்டது.

வந்த முதல் பருவத்திலேயே சேர்த்துவிடப் பண்ணையாளர் விரும்பினார். ஒரு சுழற்சி பொறுக்கச் சொன்னதற்குக் காரணங்கள் இரண்டு: உடலில் எஞ்சியிருக்கும் நச்சு முழுவதும் வெளியேற வேண்டும், சினைப்பை தன் இயல்பான 21 நாள் கணக்குக்குத் திரும்பிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மேலும் அது கத்திரி வெயில் நேரம். மே கடைசியில் இரண்டாம் பருவத்தில் ஐந்தும் சேர்க்கப்பட்டன. விடியற்காலையில் இணை சேர்த்தல், நண்பகலில் கூரை ஓலையையும் பன்றிகளின் உடலையும் நனைத்தல், தீவனத்தின் பெரும்பங்கை இரவில் வைத்தல் ஆகியவை முதல் மாதம் முழுவதும் பின்பற்றப்பட்டன. ஐந்தில் ஒன்று 21ஆம் நாள் பருவம் திரும்பியது. அந்தச் செய்தியைக் கேட்டுப் பண்ணையாளர் வாடினாலும், எனக்கு அது ஒரு வகையில் ஆறுதல் தந்தது. கரு தங்காத பன்றி உரிய நாளில் திரும்புவதுதானே நலமான சினைப்பையின் இயல்பு. மற்ற நான்கும் 28ஆம் நாள் ஸ்கேனில் சினை என்று உறுதியாயின. மறுபடி சேர்த்த பன்றியும் சினை பிடித்தது. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரை ஐந்தும் ஏழு முதல் பத்துக் குட்டிகள் வரை ஈன்றன.

இனி மாற வேண்டியவை

இணை சேர்த்த 18ஆம் நாள் முதல் 24ஆம் நாள் வரை பொலிப்பன்றியைக் காட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், 28ஆம் நாள் ஸ்கேன் செய்வதை இந்தப் பண்ணையில் நிலையான வழக்கமாக்கியிருக்கிறோம். அந்த ஸ்கேன் மார்ச்சிலேயே நடந்திருந்தால், ஒவ்வொரு பன்றிக்கும் ஒரு மாதத் தீவனச் செலவு மிச்சமாகியிருக்கும். பருவம் 25 முதல் 38 நாளுக்குள் திரும்பினால் அதை நாள்காட்டியில் தனிக்குறியிட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். கரு உருவாகி, தாய்க்கு அறிவிப்பும் கொடுத்த பிறகு அழிந்தது என்பதற்கு அதுவே அடையாளம்.

எல்லாப் பன்றியும் பருவம் திரும்பாமல் நின்றுவிட்டால் அதையும் ஐயத்துடனே பார்க்க வேண்டும். குறிப்பாக, அதே காலத்தில் வளரும் பெண் குட்டிகளின் பிறப்புறுப்பில் வீக்கம் தெரிந்தால், ஸ்கேனுக்கு முன்பே தீவனத்தைப் பார்க்க வேண்டும். வயதுக்கு வராத குட்டிதான் ஈஸ்ட்ரோஜன் நச்சை முதலில் காட்டிக்கொடுக்கிறது.

மழையில் நனைந்த தானியத்தை இனப்பெருக்கப் பன்றிகளுக்கும் கிடேரிகளுக்கும் கொடுப்பதில்லை என்று குடும்பம் முடிவெடுத்திருக்கிறது. ஒவ்வொரு லோடிலிருந்தும் இரண்டு கிலோ எடுத்து, வந்த தேதியை எழுதி, காற்றுப் புகாத வாளியில் அடுத்த ஈற்று வரை வைத்திருக்கிறார்கள். இந்த நிகழ்வில் ஆய்வகத்துக்குப் போனது ஏப்ரலில் எஞ்சியிருந்த சோளம். பிப்ரவரியில் பன்றிகள் தின்றதில் நச்சு கூடுதலாக இருந்ததா குறைவாக இருந்ததா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாமல் போயிற்று. எடுத்து வைத்த மாதிரி இருந்தால் அந்தக் குறை நீங்கும்.

மார்ச்சில் வீக்கம் கண்ட பெண் குட்டிகளில் மூன்றை இனப்பெருக்கத்துக்கு நிறுத்தியிருக்கிறார்கள். மூன்றும் உரிய வயதில் முதல் பருவத்துக்கு வந்து, 21 நாள் இடைவெளியில் இரண்டாம் பருவத்தையும் காட்டிவிட்டன. மூன்றாம் பருவத்தில் சேர்த்து, 28ஆம் நாள் ஸ்கேன் செய்வதற்கான நாள்கள் புதிய நாள்காட்டியில் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கின்றன.